பின் ஆக்சிலுக்கு எவ்வளவு ஆயில்?

டிராக் கார் கட்ட இறங்கிவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். என்ஜினைப் பற்றி உனக்குச் சொல்லித்தர இங்கே அமெரிக்காவில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பின் ஆக்சில் இருட்டில் கிடக்கிற பிள்ளை. அதைப் பற்றி நான் சொல்கிறேன், கேள்.

1. உன் ஹவுசிங் எது என்று முதலில் தெரிந்துகொள். ஃபோர்டு 9 இன்ச் ஆக்சில் 1957-இல் வந்தது. கம்பெனி ஹவுசிங்குக்கு இரண்டேகால், இரண்டரை லிட்டர் என்பார்கள். நீ வாங்கியிருப்பதோ தகடு வெட்டிப் பற்றவைத்தது. அதன் வயிறு வேறு, ஆயில் ஊற்றும் துளை இருக்கும் உயரமும் வேறு. புத்தகத்து எண்ணை மனப்பாடம் செய்தவன் அளந்து பார்க்கச் சோம்பல்படுவான். அவனோடு சேராதே.

2. காரைச் சமதளத்தில், நான்கு சக்கரமும் ஒரே மட்டத்தில் நிற்கவை. ஊற்றும் துளையின் கீழ் உதடு வரை ஊற்று. குளிர்ந்த கியர் ஆயில் ஆக்சில் குழாய்களுக்குள் மெல்லத்தான் இறங்கும். அதனால் காரைக் கொஞ்சம் உருட்டிவிட்டு, சுண்டுவிரலை மடக்கித் துளைக்குள் விட்டுப் பார். நுனி நனையவேண்டும். எவ்வளவு பிடித்தது என்று நோட்டில் எழுது. பின்னொரு நாள் பினியன் (கிரவுன் கியரைச் சுழற்றும் சிறு கியர்) கோணத்தை மாற்றினால் ஹவுசிங்கே சுழலும், துளையும் இடம் மாறும். அன்றைக்குப் பழைய கணக்கை அடித்துவிட்டுப் புதிதாக அள.

3. "கால் மைல் ஓட்டம். ஆயில் சூடேறுவதற்குள் முடிந்துவிடும். அரை லிட்டர் குறைத்தால் இழுவை குறையும்" என்று ஒருவன் காதில் ஓதுவான். அவன் சொல்வதில் பாதி உண்மை, அதுதான் ஆபத்து. கார் பாய்ந்து கிளம்பும் நொடியில் ஆயில் முழுக்கப் பின்பக்கம் ஓடும். பினியனும் அதன் பேரிங்குகளும் இருப்பது முன்பக்கம். கிரவுன் கியர் வாரி எறிகிற ஆயில்தான் அவற்றுக்குச் சோறு. 9 இன்ச்சில் பினியன் மிகவும் தாழ்வாக உட்கார்ந்திருப்பதால் பல்லோடு பல் அதிகம் தேயும். ஒரு பந்தயக்காரர் அப்படிக் குறைத்து ஓடினார். நேரச் சீட்டில் தெரிந்த மாற்றம் அன்றைய காற்றும் வெயிலும் செய்கிற மாற்றத்தைவிடப் பெரிதல்ல. அடுத்த மாதம் கழற்றியபோது பினியன் பல்லெல்லாம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. குறுக்குவழி தேடும் பழக்கம் ஆக்சிலோடு நிற்காது, மனிதனுக்குள்ளும் ஏறும்.

4. அதற்காகத் தாராளமாக ஊற்றிவிடாதே. மிஞ்சிய ஆயிலைக் கிரவுன் கியர் கடைந்து நுரையாக்கும். நுரைக்கு உலோகத்தைத் தாங்கும் வலு இல்லை. சூடு ஏறும், சீல் வழியாகக் கசியும், பிரேக்கும் டயரும் நனையும். தடத்தில் சிந்தினால் ஆபத்து உனக்கு மட்டுமல்ல, உனக்குப் பின்னால் வருகிறவனுக்கும்தான். டிராக் பந்தயங்களை நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பு தொழில்முறைப் பிரிவுகளில் இதற்கு அபராதம் போடுகிறது. அபராதத்துக்குப் பயந்து ஒழுங்காக இருப்பவனைவிட, அடுத்தவன் உயிரை நினைத்து ஒழுங்காக இருப்பவனோடுதான் நான் பந்தயம் விடுவேன்.

5. ஹவுசிங் மூச்சுவிடும் துளையான பிரீதர் அடைத்திருந்தால் சரியான அளவும் கசியும். சீலைக் குறைசொல்லும் முன் அதைக் கழற்றி ஊதிப் பார்.

6. ஆயில் ஜி.எல்.-5 தரத்தில் இருக்கவேண்டும். புது கியருக்கு மினரல் ஆயில் போட்டு, மெதுவாக ஓட்டி, ஆறவிட்டுப் பழக்கு; பிறகு மாற்று. இரண்டு பின்சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் ஸ்பூல் போட்டிருந்தால், கிளட்ச் தகடுகளுக்காகச் சேர்க்கிற பாட்டில் மருந்து உனக்கு வேண்டாம். விற்பவர் எவ்வளவு சிரித்தாலும் வேண்டாம்.

7. பழைய ஆயிலைக் கொட்டுமுன் விரலில் தேய்த்துப் பார். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பயமில்லை. நகத்தில் தட்டுப்படும் செதில் வந்தால் அன்றைக்குப் பந்தயம் கிடையாது, நண்பர்கள் எவ்வளவு கூப்பிட்டாலும். பால் கலந்தது போல் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பிரஷர் பைப் வைத்து அடியைக் கழுவிய பையனைத் திட்டாதே. அவனைக் கூப்பிட்டு, பிரீதர் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடு.