கோட்டு ஊசியும் உப்புக் காற்றும்
(பிரீமேசன் சின்னங்களை இனங்கண்டு மதிப்பிடல்)

காசுகளையும் கல்வெட்டுகளையும் வரலாற்றுச் சான்றுகளாகப் போற்றும் நாம், விரல் நகத்தளவே உள்ள கோட்டு ஊசியைப் பொருட்படுத்துவதில்லை. பழைய பெட்டிகளில் கிடக்கும் இவ்வூசிகள், உடைந்த பித்தளைச் சாமான்களோடு சேர்ந்து எடைக்குப் போய்விடுகின்றன. அவற்றுள் ஒருவகையான பிரீமேசன் ஊசிகளைப் பற்றி நான் அறிந்தவற்றை மாணவ நண்பர்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரீமேசன் இயக்கம் கல்தச்சரின் கருவிகளை ஒழுக்கத்தின் அடையாளங்களாகக் கொண்ட ஒரு சகோதர அமைப்பு. அதன் முதற் பெருமன்றம் 1717-இல் லண்டனில் தோன்றியது. அதன் கிளைக்கு 'லாட்ஜ்' என்று பெயர். தங்கும் விடுதி அன்று. 1752-இல் சென்னையில் லாட்ஜ் அமைந்தது. ஆர்க்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உம்ரா 1770-களில் திருச்சிராப்பள்ளியில் உறுப்பினரானார். 1961-இல் இந்தியப் பெருமன்றம் தனியே அமைந்தது. எழும்பூரில் இவ்வியக்கத்தின் மண்டபம் உள்ளது. ஆகவே, சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட எங்கள் மரக்காணக் கரையில் ஒரு பழம்பெட்டியில் இத்தகைய ஊசி கிடைத்தால் அதில் வியப்பில்லை.

முதலில் நோக்க வேண்டியது சின்னம். நம் ஊர்க் கொத்தனார் பையில் இருக்கும் மூலைமட்டமும், நம் கணிதப் பெட்டியில் இருக்கும் கவராயமும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருந்தால் அது பொதுச் சின்னம். நடுவே 'ஜி' என்னும் ஆங்கில எழுத்து இருப்பின், பெரும்பாலும் அமெரிக்க வழக்கு எனலாம். இரட்டைத் தலைக் கழுகும் 32 என்ற எண்ணும் 'ஸ்காட்டிஷ் ரைட்' என்னும் உயர்படியைக் குறிக்கும். பிறையும் வளைந்த வாளும் 'ஷ்ரைனர்' சங்கத்துக்குரியவை.

சின்னம் மட்டும் போதுமா? போதாது. ஜெர்மனியில் நீல நிறச் சிறு மலர் ஊசி ஒன்றுண்டு. 1948-இல் அந்நாட்டு மேசன்கள் அதைத் தம் சின்னமாக ஏற்றனர். ஆனால் 1938-இல் நாஜி அரசின் குளிர்கால நிவாரண நிதிக்காகவும் அதே மலர் ஊசி விற்கப்பட்டது. பூவை மட்டும் பார்த்துக் கதை சொல்பவர் ஏமாறுவார், ஏமாற்றவும் செய்வார்.

ஆகவே ஊசியைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். திருகாணி வைத்த ஊசி பெரும்பாலும் பழையது. இருபுறமும் அழுத்திக் கழற்றும் வண்ணத்துப்பூச்சி வடிவப் பிடி 1940-களுக்குப் பின் பரவியது. நடக்கும் சிங்க முத்திரை ஆங்கில நாட்டுத் தரவெள்ளியைக் குறிக்கும். நங்கூரம் பர்மிங்ஹாம் நகர முத்திரை. 375 என்பது 9 காரட் தங்கம்; 750 என்பது 18 காரட். 'ஜி.எஃப்.' என்ற எழுத்துகள் இருந்தால் அது தங்கத் தகடு போர்த்தியதே. முழுத் தங்கம் அன்று.

எண்ணும் ஆண்டும் இருந்தால் கவனம் மிக வேண்டும். சென்னையின் 'பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி' லாட்ஜின் எண் 150. ஆனால் ஆங்கில லாட்ஜுகளின் எண்கள் 1863-இல் மாற்றியமைக்கப்பட்டன. ஸ்காட்லாந்து, அயர்லாந்து மன்றங்களுக்கோ வேறு வரிசை. எண்ணுக்கருகே 'ஈ.சி.' இருந்தால் ஆங்கில மன்றம், 'எஸ்.சி.' ஸ்காட்லாந்து, 'ஐ.சி.' அயர்லாந்து. சில சின்னங்களில் 5925 என்பது போன்ற ஆண்டு இருக்கும். திகைக்க வேண்டாம். மேசன்கள் வழக்கமான ஆண்டோடு 4000 கூட்டி எழுதுவர். 5925 என்றால் 1925.

இனி மதிப்பு. ஓர் ஊசிக்கு மூன்று விலைகள் உண்டு: உலோகத்தின் விலை, வேலைப்பாட்டின் விலை, சாட்சியத்தின் விலை. முதல் விலையைத் தங்க ஆசாரியின் உரைகல் சொல்லிவிடும். இரண்டாவதை எனாமலின் முழுமையும் செதுக்கலின் நேர்த்தியும் சொல்லும். மூன்றாவதைப் பெயரும் லாட்ஜ் எண்ணும் ஆண்டுமே சொல்லும். எடைக்கு வாங்குபவர் இம்மூன்றாவதற்குக் காசு தருவதில்லை. ஆயிரக்கணக்கில் அச்சடித்த பித்தளை ஊசிக்குப் பெரிய விலை இராது. ஆனால் பின்புறம் பெயர் பொறித்த அதே பித்தளை, ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தேடிச் செல்ல வழிகாட்டும்.

உப்பளக் காற்று வீசும் எங்கள் பக்கத்தில் செம்பும் பித்தளையும் விரைவில் பச்சை பூக்கும். உப்பிலுள்ள குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து செம்பை அரிப்பதே காரணம். அதைக் கண்டதும் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்ப்பது நம் வழக்கம். குத்துவிளக்குக்கு அது தகும், ஊசிக்குத் தகாது. தேய்த்த தேய்ப்பில் மெல்லிய எழுத்து மறைந்தால் மூன்றாவது விலை முற்றும் போயிற்று. மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, பூதக்கண்ணாடியால் படித்து, இருபுறமும் படமெடுத்து, எங்கே யாரிடம் கிடைத்தது என்பதையும் எழுதி வைத்துவிட்டு, ஈரம் புகாத டப்பியில் வைக்க வேண்டும். உறுப்பினரல்லாதார் அதைச் சட்டையில் அணிவதும் முறையன்று. அது இன்னொருவர் ஏற்ற உறுதிமொழியின் அடையாளம்.

வறுமையால் ஒரு குடும்பம் ஊசியை விற்க நேரலாம், அதில் குற்றமில்லை. விற்குமுன் படித்து எழுதிவைப்போமானால், பொருள் கைமாறினாலும் வரலாறு கைநழுவாது. வரலாறு பயிலும் நாம் நம் ஊர் வீடுகளுக்குச் செய்யக்கூடிய சிறு தொண்டு இதுவே.