ஸ்பேமில் விழும் சலுகை மெயில்கள்

கேள்வி: இணையத்தில் கைத்தறிச் சேலை விற்கிறேன். தீபாவளிச் சலுகை மெயில்கள் வாடிக்கையாளர்களின் ஸ்பேமுக்குப் போய்விடுகின்றன. என்ன செய்வது?

பதில்: சாதாரண ஜிமெயில் முகவரியிலிருந்து அனுப்பினால் முதலில் அதை நிறுத்துங்கள். கடையின் சொந்த டொமைனுக்கு, அனுப்புநரைச் சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் அமைத்துத் தரும்படி வெப்சைட் செய்தவரிடம் கேளுங்கள், பெரிய வேலையில்லை. ஜிமெயில் பயனர்களுக்கு நாளொன்றுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரி முதல் கூகுள் இதைக் கட்டாயமாக்கிவிட்டது.

ஆனால் பெரும்பாலும் கோளாறு முகவரிப் பட்டியலில்தான். காசு கொடுத்து வாங்கிய முகவரிகளைத் தயங்காமல் அழியுங்கள். ஆயிரத்தில் மூன்று பேர் 'ஸ்பேம்' என்று புகார் செய்தாலே கூகுள் முகம் சுளிக்கும். வேண்டாம் என்பவர் ஒரே கிளிக்கில் விலகட்டும். அந்த வழியை ஒளித்துவைத்தால் (பல கடைகள் இதைச் சாமர்த்தியம் என்று நினைக்கின்றன) அவர் கை ஸ்பேம் பட்டனுக்குத்தான் போகும்.