பள்ளி மரத்துக்குக் கவாத்து: ஒரு கள வகுப்பு

எங்கள் பள்ளியில் சத்துணவுக் கூடத்தை ஒட்டி ஒரு பழைய வேப்பமரம் நிற்கிறது. கிளைகள் ஓட்டுக் கூரையை உரசின. ஒன்று மின்கம்பியை நோக்கி நீண்டிருந்தது. பருவமழைக்கு முன் ஏதாவது செய்தாக வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் பேச்சு வந்தபோது, "மொட்டையடிச்சு விட்டுடலாம் டீச்சர், தானாத் துளிர்க்கும்" என்றார் பெற்றோர் ஒருவர். துளிர்க்கும் என்பது உண்மை. எப்படித் துளிர்க்கும் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. அந்தக் கேள்வியையே பத்தாம் வகுப்புக்குப் பாடமாக எடுத்துக்கொண்டேன்.

ஆக்சினும் நுனி ஆதிக்கமும் பாடப்புத்தகத்தில் இருப்பவைதான். கிளை நுனியில் உருவாகும் ஆக்சின் கீழிறங்கி, பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. எல்லா நுனிகளையும் ஒரே நாளில் வெட்டினால் அந்த அடக்குமுறை போய்விடும். பட்டைக்கடியில் உறங்கிய மொட்டுகள் விளக்குமாறு போலக் கொத்தாகக் கிளம்பும். இந்தப் போத்துகள் மரத்தின் வெளி அடுக்கில் மட்டுமே ஒட்டியிருக்கும், வேகமாகப் பருக்கும். அடியில் வெட்டுவாய் மெல்ல அழுகும். சில ஆண்டுகளில் ஒரு காற்றுக்கு முறிந்து விழுவது இவைதான். பிள்ளைகள் தட்டோடு உட்காரும் இடத்தில் அப்படி ஒரு மரம் நிற்கக் கூடாது. இலை முழுதும் போனால் வேருக்கு உணவும் குறையும். நிழலிலேயே இருந்த பட்டை வெயிலில் வெந்து வெடிக்கும்.

பிறகு எதைத்தான் வெட்டுவது? முதலில் காய்ந்தவை. அடுத்து ஒன்றோடொன்று உரசுபவை. அதன்பின், கூரைமேல் நீண்டதை நடுவில் துண்டிக்காமல், ஒரு பக்கக்கிளை பிரியும் இடம்வரை பின்னுக்கு வாங்க வேண்டும். அந்தப் பக்கக்கிளை, வெட்டப்படும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால்தான் நுனியின் வேலையை ஏற்கும். ஓர் ஆண்டில் மொத்த இலையில் கால் பங்குக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது. மாசி, பங்குனியில் வேம்பு புதுத்துளிர் விடும்போதும், மழை பெய்யும் நாட்களிலும் பச்சைக் கிளையைத் தொடாதீர்கள். வேம்பின் நுனிக்கருகல் நோய்க்குக் காரணமான பூஞ்சைக்கு ஈரம் பிடிக்கும்.

எங்கே வெட்டுவது என்பதற்கு வகுப்பு பெஞ்சையே காட்டலாம். பலகையில் தெரியும் கணு, ஒரு காலத்தில் கிளையாக இருந்தது. சில கணுக்கள் பலகையோடு ஒன்றியிருக்கும். அவை உயிரோடிருந்த கிளைகள். சில கணுக்கள் கழன்று ஓட்டையாகும். அவை செத்த கிளைகளைச் சுற்றி மரம் பருத்ததன் அடையாளம். மாணவர்கள் அரை மணி நேரம் பெஞ்சுகளுக்கு அடியில் தவழ்ந்தார்கள்.

அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்து, 1970-களில் ஒன்றைத் தெளிவாக்கினார். நம் தோல்போல மரம் காயத்தை ஆற்றுவதில்லை. கெட்ட பகுதியைச் சுவரெழுப்பி ஒதுக்குகிறது. அந்தச் சுவருக்கான ஏற்பாடு, கிளை தண்டோடு சேருமிடத்தில் வளையமாகப் புடைத்திருக்கும் கழுத்தில் இருக்கிறது. கழுத்தை ஒட்டி வெளியே வெட்ட வேண்டும். தண்டோடு சமமாக வழித்தாலும் தவறு, முழம் நீளக் கட்டையை விட்டாலும் தவறு. வெட்டுவாயில் தார் பூசுவதாலும் அழுகல் நிற்பதில்லை.

கனமான கிளைக்கு மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, கீழிருந்து மேலாகக் கால் பங்கு ஆழம் முதல் வெட்டு. அதைவிடச் சற்று வெளியே, மேலிருந்து இரண்டாவது. கிளை பட்டையை உரிக்காமல் விழும். மிஞ்சிய கட்டையைக் கழுத்தருகே மூன்றாவதாக எடுக்கலாம். மரமேறத் தெரிந்தவர்தான் இதைச் செய்தார். மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே வேலை தொடங்கியது. மாணவர்கள் மைதானத்தின் மறுகோடியில் நின்று பார்த்தார்கள். அரிவாளையும் ஏணியையும் அவர்கள் கையில் கொடுக்கவே கூடாது.

முகப்பில் அழகுக்கு வைத்த துஜாவுக்கு இந்த நம்பிக்கை வேண்டாம். உள்ளே பழுப்பாக இருக்கும் இலையற்ற பகுதிவரை வெட்டினால் அது பெரும்பாலும் திரும்பத் துளிர்க்காது. பச்சை இருக்கும் வரைதான் கத்தரிக்கலாம்.

தொடக்க வகுப்புகளுக்கும் வேலை உண்டு. பசுமைமாறா மரம் இலையே உதிர்க்காது என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். எட்டும் உயரத்தில் ஓர் இளம் இலைக்காம்பில் வண்ண நூல் கட்டித் தேதி எழுதச் சொல்லுங்கள். அது எப்போது உதிர்கிறது, அப்போது மரம் மொட்டையாக நிற்கிறதா என்று அவர்களே பார்க்கட்டும். விழுக்காடு படிக்கும் வகுப்பு, ஒரு மீட்டர் சதுரத் தாளில் 100 கட்டம் போட்டு, உச்சிவேளையில் மரத்தடியில் விரித்து, வெயில் விழும் கட்டங்களை எண்ணலாம். 8 கட்டத்தில் வெயில் என்றால் 8 விழுக்காடு. கவாத்துக்கு முன்னும் பின்னும் எண்ண வேண்டும்.

வெட்டுவாயைச் சுற்றிப் புதுத்திசு உளுந்து வடைபோல் வட்டமாக மூடி வந்தால் வெட்டு சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. இரு பக்கமும் மட்டும் புடைத்து, மேலும் கீழும் வெறுமையாக இருந்தால் கழுத்து வெட்டுப்பட்டிருக்கிறது. எட்டாத உயரத்தில் இருப்பதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்கிறோம். தாழ்வான இரண்டை, பருவத்துக்கு ஒருமுறை எட்டாம் வகுப்பு நூல் வைத்து அளக்கிறது. அளவு நோட்டு ஜூனில் அடுத்த எட்டாம் வகுப்பின் கைக்குப் போகும்.