தியோங் பாருவில் காலைப் பசியாறல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நகரமைப்பு படிக்கச் சேர்ந்துவிட்டாய் என்று அண்ணன் சொன்னார். பணக்காரர்கள் குடிவந்தால் ஒரு பேட்டையின் பழைய ஆட்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டிருந்தாய். இங்கே சிங்கப்பூரில் ஞாயிறுதோறும் நான் பசியாறப் போகும் தியோங் பாருவைப் பற்றிச் சொல்கிறேன்.

முன்பு அங்கே இடுகாடு. பெயரே சொல்லும்: ஹொக்கியனில் 'தியோங்' கல்லறை, மலாயில் 'பாரு' புதிது. 1936 முதல் அடுக்குமாடி வீடுகள் எழும்பின. 2003இல் அவற்றைப் பாதுகாக்க வேண்டிய கட்டடங்கள் என்று அறிவித்தார்கள். 2010 வாக்கில் கேஃபேக்கள் வந்தன, வாடகை ஏறியது, பழைய கடைகள் சில காணாமல் போயின. இதுவரை எல்லா ஊர்க் கதையும்தான்.

சந்தை மட்டும் போகவில்லை. 1951இல் தொடங்கியது, 2006இல் புதுக் கட்டடம் கண்டது. கீழே மீனும் காய்கறியும், மாடியில் உணவங்காடிகள். அங்கே சுவீ குவே வாங்க எப்போதும் வரிசை நிற்கும். அரிசி மாவைச் சின்னக் கிண்ணத்தில் ஆவியில் வேகவைத்து, மேலே உப்பிட்ட முள்ளங்கியை வதக்கிப் போடுவார்கள். இட்லிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்பேன். உன் அப்பா ஒத்துக்கொள்ளமாட்டார். எதிர்க் கேஃபேயில் ஒரு காப்பிக்குக் கொடுக்கும் காசில் இங்கே வயிறு நிறைந்துவிடும்.

காரணம், இடம் அரசாங்கத்துடையது. 1968-69இல் தெருவோர வியாபாரிகளைப் பதிவு செய்தார்கள். 1971 முதல் 1986 வரை உணவங்காடி நிலையங்களாகக் கட்டி அவர்களை உள்ளே கொண்டுவந்தார்கள். அந்தத் தலைமுறைக்குச் சலுகை வாடகை. பின்னால் வருகிறவர்கள் ஏலத்தில் எடுக்க வேண்டும். அதற்கிருந்த குறைந்தபட்சத் தொகையையும் 2012இல் எடுத்துவிட்டார்கள். சுற்றிலும் வீட்டு விலை எவ்வளவு ஏறினாலும், தட்டின் விலை அதே வேகத்தில் ஏறவில்லை.

இன்னொன்றையும் கவனி. உணவங்காடி நிலையங்களில் எச்சில் தட்டைத் திருப்பி வைக்க ஹலாலுக்குத் தனி அடுக்கு உண்டு. 'தனி' என்றதும் நம்மூர் இரட்டைக் குவளை நினைவுக்கு வந்து முதலில் எனக்குச் சுருக்கென்றது. ஆனால் இங்கே தனியாக இருப்பது தட்டு, மேசை ஒன்றுதான். பன்றி இறைச்சி சாப்பிடுபவரும் அதைத் தொடாதவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேச அந்தத் தனித்தட்டுதான் வழிவிடுகிறது. நம்மூரில் தனிக் குவளை, சாதி பார்த்து ஆளையே தள்ளிவைக்க வந்தது.

2020இல் யுனெஸ்கோ இந்த உணவங்காடிப் பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தது. எனக்குப் பெருமைதான், ஒரு குறையோடு. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுகிறவர்களில் பலர் அறுபதைத் தொட்டவர்கள். பிள்ளைகள் அந்தக் கரண்டியை வாங்கிக்கொள்ள வருவதில்லை. நான் மலிவாகச் சாப்பிட்டதில் ஒரு பங்கை அவர்களின் முழங்கால்கள் கொடுத்திருக்கின்றன. இதற்கு வழி என்ன என்று உன் வாத்தியாரிடம் கேள், எனக்கும் எழுது.

டிசம்பரில் வா, கூட்டிப்போகிறேன். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். பல கடைகள் மூடியிருக்கும்.

உன் சித்தப்பா