சிதம்பர ரகசியமும் கைப்பேசியில் வரும் ரகசியங்களும்

ஊரை விட்டு வந்து நகரத்தில் பிழைப்பவர்கள், ஓதுவார் குரலைக் கேட்டு வளராத பிள்ளைகள், கடல் கடந்து வாழும் குடும்பங்கள் என்று பலருக்கும் சமயம் இன்று கைப்பேசி வழியாகத்தான் வந்து சேர்கிறது. அவர்களுடைய தேடலை மதிக்கிறேன். அதனால்தான் அந்தத் தேடலுக்கு விடையாக வந்து குவியும் பொய்கள் என்னை வருத்துகின்றன. சிதம்பரத்தின் பெயரால் சுற்றுபவற்றை மட்டும் இங்கே பார்க்கலாம்.

“நடராஜரின் கால் பெருவிரல் பூமியின் காந்தப்புல மையத்தில் இருக்கிறது.”

பூமியின் மேற்பரப்பில் அப்படியொரு மையப்புள்ளியே கிடையாது. காந்த நடுக்கோடு என்று ஒன்று உண்டு. அது உலகைச் சுற்றி ஓடும் கோடு. காலப்போக்கில் மெல்ல இடம் மாறவும் செய்யும். இந்தியாவில் அது தென்முனையை ஒட்டிப் போகிறது. திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததும் இதனால்தான். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. சிதம்பரம் தும்பாவுக்கு ஏறத்தாழ 3 டிகிரி வடக்கே இருக்கிறது.

“பஞ்சபூதத் தலங்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன.”

சிதம்பரம், காஞ்சி, காளத்தி மூன்றும் 79.7 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டி இருப்பது உண்மை, வியப்பும்கூட. ஆனால் திருவானைக்காவல் அந்தக் கோட்டிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. திருவண்ணாமலையும் விலகியே நிற்கிறது. பகிரப்படும் செய்தி இந்த இரண்டையும் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

“நடராஜர் ஆட்டத்தில் அணுவின் ரகசியத்தைக் கண்டதால் ஜெனீவா விஞ்ஞானிகள் சிலை வைத்தார்கள்.”

செர்ன் ஆய்வகத்தில் இருக்கும் இரண்டு மீட்டர் உயரச் சிலை, 2004-ல் இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்தது. அங்கே எந்த ஆய்வும் சைவத்தை நிரூபிக்கவில்லை. அது அந்த ஆய்வகத்தின் வேலையும் இல்லை. இந்தச் சிலை காட்டும் நடனத்துக்குப் பின்னால் இருக்கும் கதை இதைவிட நல்ல கதை. கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி, சிவ நடனத்தைப் பற்றி எழுதிய கட்டுரையின் பெயரிலேயே 1918-ல் ஒரு நூல் வந்தது. அவர் ஆதாரமாகக் கொண்டவற்றில் உண்மை விளக்கம் என்ற தமிழ்ச் சாத்திர நூலும் ஒன்று. உடுக்கையில் படைப்பு, அமைத்த கையில் காப்பு, நெருப்பில் அழிப்பு, ஊன்றிய காலில் மறைப்பு, தூக்கிய காலில் முத்தி என்று அந்நூல் ஆடலை விளக்குகிறது. காந்தம் தேடிப் பெருவிரலைப் பார்க்கிறவருக்குத் தூக்கிய திருவடி கண்ணில் படாமல் போகிறதே என்பதுதான் என் ஆற்றாமை.

சிதம்பரம் சிற்சபைக் கூரையின் பொன் ஓடுகள் 21,600 என்று மரபு சொல்வதும் இப்படியே ‘மருத்துவ அறிவியல்’ ஆகிவிட்டது. நிமிடத்துக்கு 15 மூச்சு வீதம் ஒரு நாளைக்கு 21,600. இது யோக மரபின் கணக்கு. உண்மையில் மூச்சின் வேகம் வயது, உறக்கம், உழைப்பு எல்லாவற்றையும் பொறுத்து மாறும். உடம்பே கோயில் என்று உணர்த்த வந்த எண்ணுக்குப் பரிசோதனைக்கூடச் சான்றிதழ் தேவையில்லை.

“பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும்.” அஞ்சலட்டைக் காலத்திலேயே இருந்த மிரட்டல் இது. தாராளமாக அழித்துவிடலாம்.

“இணையத்தில் உண்மையான ஆன்மிகமே கிடையாது.”

இதையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஏட்டிலிருந்து அச்சுக்கு மாறிய காலத்தில், 1849-ல் ஆறுமுக நாவலர் சென்னையில் அச்சியந்திரம் வாங்கி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார். சைவ நூல்கள் வீடுகளுக்குள் நுழைந்தன. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகத் தந்துகொண்டிருக்கிறார்கள். ஆனாலும் சன்னதியில் நிற்பதற்கு நேரலை ஈடாகாது. சிற்சபையில் திரை விலகி, சிதம்பர ரகசியம் எனப்படும், வெறுமையில் தொங்கும் பொன் வில்வ மாலையைக் காண நேரில்தான் போக வேண்டும். போகுமுன் உண்மை விளக்கத்தைப் படித்துவிட்டுப் போகலாம். இணையத்தில் கிடைக்கிறது, ஐம்பதுக்குச் சற்றே மேற்பட்ட வெண்பாக்கள், மாணவன் கேட்க ஆசிரியர் விடை சொல்லும் நூல்.