களிமண்ணா, உப்புநீரா?

ஆழ்துளைக் கிணறு போடும் இடத்தில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறீர்களா? வண்டல் பூமியில் துளைப்பான் சுழன்று மண்ணைக் குடையும். உள்ளே செலுத்தப்படும் சேற்றுக் குழம்பு, நொறுங்கிய மண்ணைச் சுமந்து மேலே வரும். அதைப் பார்த்தே அடுக்குகளின் ஆழத்தைத் துல்லியமாகக் கூறிவிட முடியாது. ஆழத்து மண் மேலே வரச் சற்று நேரமாகும். வழியில் மற்ற அடுக்குகளின் மண்ணும் அதில் கலந்துவிடும்.

ஆகவே, குழாய் இறக்குவதற்கு முன் துளைக்குள் அளவுகருவியை இறக்குகிறார்கள். அடுக்குகளின் இயல்பை அது ஆழவாரியாக அளந்து தருகிறது. இதற்குக் கிணற்றுப் பதிவு என்று பெயர். 1927 செப்டம்பர் 5 அன்று பிரான்சில் பெஷல்பிரோன் எண்ணெய் வயலில் ஷ்லும்பர்ஜே சகோதரர்களின் குழுவினர் முதல் மின்பதிவை எடுத்தனர். கருவியை நிறுத்தி நிறுத்தி அளந்து, கையாலேயே வரைபடம் வரைந்தனர். எண்ணெய் தேடப் பிறந்த முறை பின்னர் தண்ணீர் தேடவும் உதவியது.

மின்தடை சொல்வது என்ன?

மணல் துகள்கள் மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை. அவற்றின் இடுக்குகளிலுள்ள நீரே, அதில் கரைந்த உப்புகளால் கடத்துகிறது. நல்ல நீரில் உப்பு குறைவு. எனவே நன்னீர் மணலின் மின்தடை எண் அதிகம். களிமண் எளிதில் கடத்துவதால் அதன் மின்தடை எண் குறைவு.

இங்கேதான் ஒரு சிக்கல். உப்புநீர் நிறைந்த மணலுக்கும் மின்தடை எண் குறைவுதான்! சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் வட்டாரத்தில், அளவுக்கு மீறி நீர் இறைத்ததால் கடல்நீர் நிலத்தடியில் புகுந்தது 1960-களின் இறுதியிலேயே தெரியவந்தது. இத்தகைய கடலோரப் பகுதிகளில் மின்தடையை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம்.

இரண்டாவது சாட்சி

களிமண்ணில் பொட்டாசியம்-40, தோரியம் போன்ற கதிரியக்கப் பொருள்கள் சாதாரண மணலைவிட அதிகம். அவை வெளியிடும் காமா கதிர்களை மற்றொரு கருவி எண்ணுகிறது. காமா அதிகமென்றால் களிமண், குறைவென்றால் மணல். விதிவிலக்கும் உண்டு: மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் கொண்ட மோனசைட் இருப்பதால் அங்கு மணலே மிகுந்த கதிர் வீசும்.

நீங்களே கண்டுபிடியுங்கள்

பயிற்சிக்காக அமைத்த பதிவு இது. காமா ஏ.பி.ஐ. அலகிலும், மின்தடை எண் ஓம்-மீட்டரிலும் உள்ளன.

10–25 மீ: காமா 90, மின்தடை 6
25–40 மீ: காமா 30, மின்தடை 2
40–60 மீ: காமா 95, மின்தடை 7
60–80 மீ: காமா 35, மின்தடை 45

துளைகளுள்ள வடிகட்டிக் குழாயை எந்த ஆழத்தில் வைப்பீர்கள்? முதல், மூன்றாம் அடுக்குகள் களிமண். இரண்டாவது அடுக்கில் காமா குறைவு. ஆகவே அது மணல். மின்தடையும் மிகக் குறைவு. ஆகவே அதில் இருப்பது உப்புநீர். நான்காவதே நன்னீர் மணல். விடை: 60–80 மீட்டர்.

இத்துடன் வேலை முடியவில்லை. 40–60 மீட்டரிலுள்ள களிமண்தான் நன்னீருக்குக் கூரை. நாம் அதைத் துளைத்துவிட்டோமே! குழாய்க்கு வெளியே உள்ள இடைவெளியை அங்கே சிமெண்டுக் குழம்பால் அடைக்காவிட்டால், மேலுள்ள உப்புநீர் அவ்வழியே கீழே இறங்கும். ஒரு கிணற்றின் கவனக்குறைவு அக்கம்பக்கத்துக் கிணறுகளையும் கெடுத்துவிடும்.

எவ்வளவு நீர் கிடைக்கும் என்பதை இறைத்துப் பார்த்தும், குடிக்க ஏற்றதா என்பதை ஆய்வுக்கூடத்தில் சோதித்தும்தான் அறிய வேண்டும். வரைபடத்தாளில் ஆழத்தை மேலிருந்து கீழாகக் குறித்து, இரு அளவுகளையும் அருகருகே வரைந்து பாருங்கள். நான்கு அடுக்குகளும் உங்கள் கண்முன் தெரியும்.