கோட்டையைப் பிடித்தவர்களின் ஊர்கள்

வெளிநாட்டில் பிள்ளையோ சகோதரமோ இருக்கிற திருகோணமலைக்காரருக்கு ஐரோப்பியப் பயணம் என்றால் அனேகமாக ஒரே பாதைதான். பாரிஸில் இறங்குவது, லா சப்பலில் சாமான் வாங்குவது, ஈபிள் கோபுரத்தடியில் படம் எடுப்பது, பிறகு லண்டனிலோ சூரிச்சிலோ ஒரு சாமத்திய வீடு. மிச்ச நாளெல்லாம் சொந்தக்காரர் வீட்டுச் சோபாவில் கழிந்துவிடும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பழைய நகரங்களைப் பார்க்கும் ஆசை இருந்தால், எதைப் பார்ப்பது எதை விடுவது என்று தலையைப் பிய்க்கத் தேவையில்லை. எங்கட திருகோணமலைக் கோட்டையை யார் யார் பிடித்தார்களோ, அவர்களுடைய துறைமுகங்களுக்குப் போனால் போதும் என்பது என் முறை.

கணக்குப் பாருங்கள். 1620இல் டேனியர் வந்து கட்டத் தொடங்கி, விட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பின்னாலேயே போர்த்துக்கேயர் வந்து கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை எழுப்பினார்கள். 1639இல் ஒல்லாந்தர். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர், அதே வருடம் ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுக்காரர், பிறகு திரும்பவும் ஒல்லாந்தர், 1795இல் திரும்பவும் ஆங்கிலேயர். மான்கள் மேயும் அந்த ஒரு வளவுக்குள்ளேயே கோபன்ஹேகன், லிஸ்பன், ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், போர்ட்ஸ்மவுத் எல்லாம் இருக்கின்றன.

லிஸ்பனுக்குப் போகிறவர் முதலில் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். கோயிலை இடித்தவர்களை அனுப்பிய லிஸ்பன் இப்போது பெரும்பாலும் இல்லை. 1755 நவம்பர் 1ஆம் திகதி நிலநடுக்கமும் கடற்கோளும் தீயும் சேர்ந்து ஆற்றங்கரை அரண்மனையையும் இந்திய வணிகத்தை நடத்திய மாளிகையையும் விழுங்கிவிட்டன. இன்று நடுநகரில் நேர்நேராகக் கிடக்கும் தெருக்கள் அதற்குப் பிறகு போட்டவை. பழைய லிஸ்பன் வேண்டுமென்றால் அல்பாமா மேட்டுக்குப் போங்கள். கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவு இடிக்கும் அளவுக்கு ஒடுக்கமான ஒழுங்கைகள். ஜூன் நடுவில் புனித அந்தோனியார் திருநாளன்று தெருவிலேயே அடுப்பு மூட்டிச் சாளை மீன் சுடுவார்கள். முழங்கால் நோ உள்ளவர்களைக் கூட்டிப் போகாதீர்கள், படியும் வழுக்குக் கல்லும்தான் அங்கே. பெலேம் பக்கம் ஜெரோனிமோஸ் மடாலயம் நிலநடுக்கத்துக்குத் தப்பியது. ஆற்றோரம் கடலோடிகளை வரிசையாக நிறுத்திய பெரிய நினைவுச்சின்னம் பழையது போலத் தோன்றினாலும் இப்போது நிற்பது 1960இல் கட்டியது. கோணேசர் மலையில் வளர்ந்தவனுக்கு அதன் முன் நின்று செல்பி எடுக்க மனம் வராது. ஆனாலும் பார்க்க வேண்டிய இடம்.

எந்த ஊரென்றாலும் டிக்கெட் போடுமுன் 'இங்கே எது எரிந்தது, எது மிஞ்சியது' என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிடுவேன். ஒல்லாந்தில் இது நல்ல பலன் தந்தது. கிழக்கிந்தியக் கம்பனிக்கு அங்கே ஆறு ஊர்களில் கிளைச் சபைகள் இருந்தன. அவற்றில் ரொட்டர்டாமின் நடுப்பகுதி 1940 மே மாதக் குண்டுவீச்சில் அழிந்தது. ஹோர்ன் தப்பியது. ஆம்ஸ்டர்டாமில் இருந்து ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம், தங்குவதற்கும் கூட்டம் குறைவு. 1532இல் கட்டிய காவல் கோபுரம் இன்னும் துறைமுக வாயிலில் நிற்கிறது. ஊர்ச் சதுக்கத்தில் யான் பீட்டர்சோன் கூன் என்பவருடைய சிலை. பண்டா தீவு மக்களை 1621இல் கொன்று குவித்த படையெடுப்பை நடத்தியவர். அந்தச் சிலையை வைத்திருக்கலாமா என்று அந்த ஊர்க்காரரே சண்டை பிடிக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமை விட்டுவிடவும் வேண்டாம். கடல் அருங்காட்சியகத்துக்கு வெளியே மிதக்கும் கம்பனிக் கப்பல், 18ஆம் நூற்றாண்டுக் கப்பலின் நகல். அதன் அடித்தளத்தில் குனிந்து நடந்தால் கறுவா மூட்டைகள் எப்படிப் போயின என்பது முதுகுக்குப் புரியும்.

பிரான்சில் சுஃப்ரேன் என்ற கடற்படைத் தளபதிதான் 1782இல் எங்கள் கோட்டையைப் பிடித்தவர். சென் துரோப்பே துறைமுகத்தில் அவருக்குச் சிலை உண்டு, ஆனால் அது பணக்காரர் உல்லாசப் படகு விடும் ஊர். கோப்பிக் காசுக்கே கை நடுங்கும். பாரிஸில் இருப்பவர்களுக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. ஈபிள் கோபுரத்துக்கு மேற்கே ஓடும் அகன்ற வீதிக்குப் பெயரே அவெனியூ டு சுஃப்ரேன். பாரிஸில் பிறந்த என் மருமகனுக்கு அந்தப் பெயர்ப்பலகையைக் காட்டி, "இவர்தான் அம்மம்மாவின் ஊர்க் கோட்டையைப் பிடிச்சவர்" என்றேன். "சும்மா கதை விடாதேங்கோ மாமா" என்றவன், போனில் தேடிப் பார்த்துவிட்டுப் பேசாமல் வந்தான்.

இத்தனையிலும் எனக்கு மிகவும் பிடித்தது யாரும் போகச் சொல்லாத ஊர். இங்கிலாந்தின் வடகிழக்கில், ஹார்ட்டில்பூல். அங்கே கடற்படை அருங்காட்சியகத்தின் துறையில் 'திருகோணமலை' மிதக்கிறது. எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி. நெப்போலியன் போர்களால் பிரித்தானியாவில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. அதனால் பம்பாயில் பார்சிகளான வாடியா குடும்பத்தின் கப்பல் கட்டும் துறையில், மலபார்த் தேக்கில் கட்டி 1817 ஒக்டோபர் 12ஆம் திகதி கடலில் இறக்கினார்கள். இன்றும் மிதக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களில் இதுவே மிகப் பழையது. போர்ட்ஸ்மவுத்தில் நெல்சனின் விக்டரி இன்னும் பழையதென்றாலும் அது உலர்துறையில் நிற்கிறது. ட்ரிங்கோமலியின் முகப்பில் தலைப்பாகை கட்டிய ஓர் ஆளின் மரச்சிலை. பீரங்கித் தளத்தில் நிமிர்ந்து நடந்தால் உத்தரம் நெற்றியைப் பதம் பார்க்கும். வெளிப்புறப் பலகையில் கை வைத்தேன். இரண்டு நூற்றாண்டு உப்புத் தண்ணீர் குடித்த தேக்கு. லண்டனில் இருந்த சொந்தங்கள் "அங்கே என்ன இருக்கு?" என்றுதான் கேட்டார்கள். ஊர்ப் பெயரில் ஒரு கப்பல் இருப்பது இங்கிலாந்தில் முப்பது வருடம் வாழ்ந்தவர்களுக்கே தெரியாது.

வெளிக்கிடுமுன் திருகோணமலைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போங்கள். கோட்டைக்குள் ஆர்தர் வெல்லெஸ்லி தங்கிய வீட்டைக் காட்டுவார்கள். பிறகு வெலிங்டன் பிரபுவான அவருடைய லண்டன் மாளிகை அப்ஸ்லி ஹவுஸ் ஹைட் பார்க் மூலையில் இருக்கிறது. பழைய ஆங்கிலேயர் சேமக்காலையில் 1852இல் பர்மாப் போரின்போது இறந்த கடற்படைத் தளபதி சார்ல்ஸ் ஒஸ்டினின் கல்லறை இருக்கிறது. நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி அவர். அவருடைய அக்கா இருந்து எழுதிய வீடு ஹம்ப்ஷயரில் சோட்டன் என்ற கிராமத்தில் திறந்திருக்கிறது. போர்ட்ஸ்மவுத்தோடு சேர்த்துப் பார்க்கலாம். நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் திருகோணமலையின் ஒல்லாந்தர் கால வரைபடங்களை வைத்திருக்கிறது. இணையத்திலேயே பார்க்கலாம். ஒன்றை அச்செடுத்துக்கொண்டு கோட்டை மதிலோரம் நடந்தால் எந்த வழிகாட்டியும் தேவைப்படாது.

செங்கன் விசா பிரித்தானியாவுக்குச் செல்லாது, அதற்கு வேறாக எடுக்க வேண்டும். செங்கன் நாடுகளுக்குள் எந்த நாட்டில் கூடுதல் நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பம். எனவே சொந்தக்காரர் வீட்டு நாட்களையும் எண்ணித் திட்டம் போடுங்கள். மே, ஜூன் அல்லது செப்டெம்பர் நல்லது. டிசம்பரில் இங்கே மழை என்று அங்கே ஓடினால், இங்கிலாந்தில் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். ஹார்ட்டில்பூல் காற்றை அந்த மாதத்தில் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.